கண்ணால் கண்ட சாட்சி ஏன் மாற்றிச் சொல்கிறார்?

கொலை வழக்கோ விபத்து வழக்கோ, தீர்ப்பு வரும் நாளில் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: சாட்சிகள் சொன்னதில் முரண்பாடு இருந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. படிப்பவர் மனத்தில் உடனே எழும் சந்தேகம் இரண்டுதான். சாட்சியை விலைக்கு வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் மிரட்டியிருப்பார்கள். இரண்டும் நடக்கிறது. முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்பவரைக் குறிக்கும் ‘பிறழ் சாட்சி’ என்ற சொல் சும்மா புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் மூன்றாவது வழியும் உண்டு. யாரும் விலை பேசாமல், யாரும் மிரட்டாமல், சொல்வதெல்லாம் உண்மை என்று மனதார நம்பிக்கொண்டே ஒருவர் தவறாகச் சாட்சி சொல்ல முடியும். நம் நீண்டகால நினைவு வேலை செய்யும் விதம் அப்படி.

அதை அடியிலிருந்து பார்க்கலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. கீழே உள்ள சொற்களை ஒரே ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பிறகு திரும்பி வந்து பார்க்கக் கூடாது.

படுக்கை, தலையணை, கொட்டாவி, போர்வை, இரவு, தாலாட்டு, குறட்டை, களைப்பு, கனவு, பாய், விழிப்பு, சோம்பல்.

1. எந்த நினைவைப் பற்றிப் பேசுகிறோம்?

ஓடிபி வந்ததும் ஆறு எண்களை மனத்தில் பிடித்துக்கொண்டு திரையில் தட்டுகிறோம். தட்டி முடித்ததும் அவை போய்விடுகின்றன. இது குறுகியகால நினைவு. ஆயுள் சில நொடிகள். அதைத் தாண்டி மணிக்கணக்கில், வருடக்கணக்கில், சாகும்வரை நிற்பதெல்லாம் நீண்டகால நினைவு. அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு.

1. நிகழ்வு நினைவு: நமக்கு நேர்ந்தது. போன பொங்கலுக்கு யார் வந்தார்கள், திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பது போன்றவை.
2. அறிவு நினைவு: உலகத்தைப் பற்றித் தெரிந்தது. மதுரை வைகைக் கரையில் இருக்கிறது என்று தெரியும். அதை எந்த நாளில், யாரிடம் கற்றோம் என்று தெரியாது.
3. செய்முறை நினைவு: கையும் காலும் அறிந்தது. சைக்கிள், தறி, தட்டச்சு, மிருதங்கம்.

முதல் இரண்டையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1972-இல் எழுதியவர் கனடிய உளவியலாளர் எண்டல் டல்விங். சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் நாம் கேட்பது முதலாவதை. எளிதில் கெடுவதும் அதுதான்.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பால் அவதிப்பட்ட அவருக்கு 27-ஆம் வயதில், 1953-இல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அறுவை சிகிச்சை நடந்தது. வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அவருடைய மூளையின் பொட்டு மடல்களின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதிகளின்) உட்பகுதியை இரு பக்கமும் எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் எனப்படும், கடற்குதிரைபோல் வளைந்த பகுதியில் பெரும்பங்கு அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நடந்த எதையும் அவரால் மனத்தில் இருத்திக்கொள்ள முடியவில்லை. அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சிறுவயதுச் செய்திகள் மட்டும் மொலைசனிடம் மிச்சம் இருந்தன.

மில்னர் அவரிடம் ஒரு விசித்திரமான வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் வரைய வேண்டும். முதலில் எல்லாருக்கும் போல் அவருக்கும் கை தடுமாறியது. மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் இப்படி வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, கற்ற கதை பதியவில்லை. 2008-இல் 82 வயதில் இறக்கும்வரை ஆய்வுலகில் அவர் பெயர் எச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். இறந்த பிறகு அவருடைய மூளையை சான் டியாகோவில் 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்தார்கள்.

2. பதியாதது திரும்பி வராது

நினைவின் பயணத்தில் மூன்று கட்டங்கள்: பதிவது, தங்குவது, திரும்ப எடுப்பது. மறந்துவிட்டேன் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும்பங்கு முதல் கட்டத்திலேயே நடக்காமல் போனது.

சந்தேகம் இருந்தால் 500 ரூபாய் நோட்டை எடுக்காமல் பதில் சொல்லிப் பாருங்கள். பின்பக்கம் என்ன படம்? அங்கே வரிசையாக 15 மொழிகளில் மதிப்பு எழுதியிருக்கிறதே, அதில் தமிழ் எத்தனையாவது வரி? படம் செங்கோட்டை. தமிழ் மேலிருந்து 13-ஆவது, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில். ஆயிரம் முறை கையில் வாங்கியிருக்கிறோம். நிறத்தையும் எண்ணையும் பார்த்தாலே வேலை முடிந்துவிடுவதால் மூளை மற்றதை எடுத்துவைக்கவே இல்லை.

நம் மரபில் இது பழைய செய்தி. பல வேலைகளை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிக் காட்டும் கலைக்கு அவதானம் என்று பெயர். சொல்லின் பொருள் கவனம். நினைவு என்று பெயர் வைக்கவில்லை. 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு அவதானம் செய்து காட்டிச் சதாவதானி ஆன செய்குத் தம்பிப் பாவலர் கேள்வி வரும் என்று தெரிந்து காத்திருந்தவர். தெருவில் நிற்கும் சாட்சிக்கு அந்த வசதி கிடையாது.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். கண் குவளையில். திடீரென்று பிரேக் கிறீச்சிடும் சத்தம், ஒரு மோதல். நிமிர்ந்து பார்க்கிறார்: பைக் கவிழ்ந்து கிடக்கிறது, லாரி பத்தடி தள்ளி நிற்கிறது. மோதிய கணத்தை அவர் பார்க்கவே இல்லை. சத்தத்தைக் கேட்டார், விளைவைப் பார்த்தார். ஆனால் இரண்டே நிமிடத்தில், “லாரி நேரா வந்து பைக்கை அடிச்சிருச்சுங்க” என்று முழுக் காட்சியாகச் சொல்வார். பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்த ஓட்டையை மூளை தானே அடைத்துவிட்டது.

பயம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். குற்றவாளி கையில் அரிவாளோ துப்பாக்கியோ இருந்தால் பார்ப்பவர் கண் ஆயுதத்தில் ஒட்டிக்கொள்கிறது. முகம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. “அந்த முகத்தைச் செத்தாலும் மறக்க மாட்டேன்” என்பது உணர்ச்சி சார்ந்த உண்மை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், போர்க்கைதியாகப் பிடிபட்டால் தாக்குப்பிடிக்கும் பயிற்சியில் இருந்த 500-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரைச் சோதித்தார்கள். ஒருவர் அவர்களை மிரட்டி, உடல்ரீதியாகவும் நெருக்கி விசாரித்தார். இன்னொருவர் அமைதியாக விசாரித்தார். இருவரையும் நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர், அரைமணிக்கும் மேல் பார்த்தார்கள். மறுநாள் ஆட்களை வரிசையாக நிறுத்தியபோது அமைதியாகக் கேட்டவரைச் சரியாகக் காட்டியவர்கள் 62 சதவீதம். மிரட்டியவரைச் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம்தான். பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே இந்தக் கதி.

3. பதிந்தது எப்படி இறுகுகிறது?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒரு நினைவு அவற்றில் ஏதோ ஓர் அறையில் பெட்டிக்குள் வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பதில்லை. அணுவுக்கும் அணுவுக்கும் இடையிலுள்ள சந்திப்புகளின் வலுவில்தான் அது இருக்கிறது. சந்திப்பைத் தொடர்ந்து தூண்டினால் அது நீண்ட நேரத்துக்கு வலுப்பெறுகிறது என்று முயல்களின் ஹிப்போகாம்பஸில் 1973-இல் காட்டினார்கள் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ என்ற இருவர். எரிக் கேண்டல் இதையே கடல்முயல் என்ற ஓடில்லா நத்தையில் ஆராய்ந்தார். அதற்கு நரம்பணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. அணுவைத் தனித்தனியே பார்க்க வசதி. சற்று நேரம் நிற்கும் நினைவுக்கு இருக்கும் சந்திப்பு வலுத்தால் போதும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் அணு புதிய புரதம் தயாரித்துப் புதிய சந்திப்புகளை வளர்க்க வேண்டும் என்று அவர் கண்டார். 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இந்தக் கட்டுமானத்துக்கு நேரம் பிடிக்கும். தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு விபத்துக்குச் சற்று முந்தைய நிமிடங்கள் நினைவில் இல்லாமல் போவது அதனால்தான்: ஈரம் காய்வதற்குள் சுவர் இடிந்துவிட்டது. பெரிதும் இறுகுவது உறக்கத்தில். பகலில் ஓடிய பாதையை எலியின் ஹிப்போகாம்பஸ் உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதை 1994-இல் பதிவு செய்தார்கள். போகப்போக நினைவின் சுமை ஹிப்போகாம்பஸிலிருந்து மூளையின் மேற்புறணிக்கு மாறுகிறது. அல்சைமர் வந்த பாட்டி காலையில் சாப்பிட்ட இட்லியை மறந்துவிட்டு, தன் கல்யாணப் பந்தலை வர்ணிப்பதற்கு இதுவே விளக்கம். நோய் ஆரம்பத்தில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸ் ஒன்று.

4. எவ்வளவு வேகமாகக் கரைகிறது?

இதை முதலில் அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். சோதனைக்கு உட்பட்டவரும் அவரேதான். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வது, சில காலம் கழித்து மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவது: இதுதான் முறை. 1885-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம். ஒரு மணியில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதத்தில் 21.

கவனிக்க வேண்டியது வளைவின் வடிவம். பெரிய சரிவு முதல் ஒரு மணி நேரத்திலேயே. பிறகு தேய்வது மெதுவாக. அர்த்தமுள்ள நிகழ்வு அசையைவிட நன்றாகவே நிற்கும், ஆனால் வடிவம் ஏறத்தாழ இதுதான். நம் டீ மாஸ்டரிடம் போலீஸ் மறுநாள் வந்து கேட்டால் நல்ல பகுதி ஏற்கெனவே போயிருக்கும். வழக்கு விசாரணைக்கு வர நான்கு வருடம் ஆனால் என்ன மிஞ்சும்? சாரம் மிஞ்சும்: லாரி மோதியது, பையன் விழுந்தான். லாரியின் நிறம், வந்த திசை, மணி, யார் முதலில் ஓடிவந்தது ஆகியவை மங்கும். ஆனால் நீதிமன்றத்தில் கேள்வி விழுவது பெரும்பாலும் அந்த மங்கிய இடத்தில்தான்.

5. எடுக்கும்போதெல்லாம் திருத்தி எழுதப்படுகிறது

இப்போது அந்தச் சொற்பட்டியலுக்கு வருவோம். அதில் ‘தலையணை’ இருந்ததா? ‘கதவு’ இருந்ததா? ‘தூக்கம்’ இருந்ததா?

தலையணை இருந்தது, கதவு இல்லை, இவை எளிது. ‘தூக்கம்’ இருந்தது என்று சொல்லியிருந்தால் நீங்கள் பெரும்பான்மையோடு இருக்கிறீர்கள். பட்டியலில் அந்தச் சொல் இல்லை. ஹென்றி ரோடிகர், கேத்லீன் மெக்டெர்மட் என்ற இருவர் 1995-இல் இந்தச் சோதனையைப் பிரபலமாக்கினார்கள். சுற்றியுள்ள சொற்கள் எல்லாம் அதையே சுட்டுவதால் மூளை நடுச்சொல்லையும் சேர்த்தே பதிகிறது. ‘இருந்திருக்கும்’ என்று ஊகிப்பதோடு பலர் நிற்பதில்லை. ‘பார்த்தேன்’ என்றே சொல்கிறார்கள்.

நினைவுகூர்வது நடந்ததை ஓட்டிப் பார்ப்பது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. மிச்சமிருக்கும் துண்டுகள், பொது அறிவு, பிறகு கேட்டவை எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். தெருக்கூத்தில் கதை தெரியும், ஆட்டம் தெரியும், வசனம் அன்றன்று வருவது மாதிரி. கட்டியதை மறுபடி சேமிக்கும்போது புதுச் சேர்க்கையும் உள்ளே போகிறது. இதற்கு உயிரியல் சான்றும் உண்டு. நன்றாக இறுகிப்போன பய நினைவைக்கூட, எலிக்கு அதை மீண்டும் தூண்டிய உடனே புரதத் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், அழிக்க முடிந்தது. நியூயார்க்கில் கரீம் நாடரும் உடனிருந்தவர்களும் 2000-இல் காட்டியது இது. எடுத்த நினைவு சிறிது நேரம் இளகிய நிலையில் இருக்கிறது. மறுபடி இறுக வேண்டியிருக்கிறது.

எந்த வழிகளில் வெளிச்சரக்கு கலக்கிறது என்று பார்த்தால் சாட்சி விவகாரத்துக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, கேள்வி. எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்தைக் காட்டி வேகம் கேட்டார். கார்கள் “மோதி நொறுங்கியபோது” என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 40.8 மைல். “தொட்டபோது” என்று கேட்டதற்கு 31.8. படம் ஒன்றே, வினைச்சொல் மட்டும் வேறு. இன்னொரு சுற்றில் ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டார். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. “நொறுங்கிய” என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்; “இடித்த” என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். இனி நம் ஊர்க் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: “அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் எந்தப் பக்கமாய்யா ஓடினான்?” பதில் சொல்பவர் திசையை யோசிப்பார். சிவப்புச் சட்டை சத்தமில்லாமல் அவர் நினைவுக்குள் போய்விடும்.

இரண்டாவது, மற்றவர் பேச்சு. விபத்து நடந்த அன்று மாலை டீக்கடையில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள். இரவுக்குள் சிசிடிவி துண்டு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நான்கு வருடம் கழித்து மாஸ்டர் மனத்தில் ஓடுவது தன் கண் பார்த்ததா, செல்போன் திரை காட்டியதா என்று அவராலேயே பிரிக்க முடியாது. செய்தி நிற்கும், எங்கிருந்து வந்தது என்ற முகவரி உதிர்ந்துவிடும். இதன் உச்சம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளரை ஒரு பெண் தன்னைத் தாக்கியவர் என்று உறுதியாக அடையாளம் காட்டினார். ஆனால் அந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். தாக்குதலுக்குச் சற்று முன் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த நிகழ்ச்சிதான். திரையில் பார்த்த முகம் தாக்கியவன் மேல் ஒட்டிக்கொண்டது. சாட்சிகளின் நினைவு தாம்சனுடைய ஆய்வுத் துறை என்பதை நாவலில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, காலமும் மறுசொல்லலும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. மறுநாளே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் உல்ரிக் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள்: செய்தியை எங்கே கேட்டாய், யார் சொன்னார், என்ன செய்துகொண்டிருந்தாய்? இரண்டரை வருடம் தாண்டி அதே மாணவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டார்கள். ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி மூன்றுகூட வரவில்லை. 11 பேர் வாங்கியது பூஜ்யம்; முழு மதிப்பெண் 3 பேர். ஆனால் எவ்வளவு உறுதி என்று கேட்டதற்குச் சராசரி ஐந்துக்கு நான்குக்கு மேல். அவர்கள் கையால் எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. ஒருமுறை மேலே எழுதிவிட்டால் அடியில் இருந்தது பல நேரங்களில் கிடைப்பதே இல்லை.

6. ‘நூறு சதவீதம் உறுதி’ எப்படி ஊறி வருகிறது?

1984 ஜூலை, வட கரோலினாவின் பர்லிங்டன் நகரம். 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்திருந்தார். இதைவிடக் கவனமான சாட்சி கிடைப்பது அரிது.

போலீஸ் ஆறு புகைப்படங்களைக் காட்டியது. நிமிடக்கணக்கில் யோசித்து ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். பிறகு ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். படத்திலும் வரிசையிலும் இருந்தவர் காட்டன் ஒருவரே. தயங்கி அவரையே காட்டினார். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸ் சொன்னது. அந்த ஒரு வார்த்தையில் தயக்கம் கரைந்தது. 1985 ஜனவரியில் நீதிமன்றத்தில் நின்றபோது அவருக்குத் துளி ஐயமில்லை. காட்டனுக்குச் சிறை.

உள்ளே காட்டன் தன் சாயலுள்ள இன்னொரு கைதியைப் பார்த்தார். 1987 மறுவிசாரணையில் அந்தக் கைதியையும் அந்தப் பெண்ணின் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரைப் பார்த்ததே இல்லை என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மனத்தில் தாக்கியவன் முகம் இருந்த இடத்தில் காட்டன் முகம் குடியேறி மூன்று வருடமாகியிருந்தது. 1995-இல் மரபணுச் சோதனை அந்த இன்னொரு கைதியே குற்றவாளி என்று காட்டியது. பத்து ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்த காட்டன் வெளியே வந்தார். அந்தப் பெண் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னர் இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார்கள்.

இது ஒற்றைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் 2020 வரை நிரபராதி என்று நிரூபணமான 375 பேரில் 69 சதவீதம் வழக்குகளில் நேரில் கண்டவரின் தவறான அடையாளம் பங்கு வகித்தது என்கிறது இன்னசன்ஸ் புராஜெக்ட் அமைப்பின் கணக்கு.

இதிலிருந்து சாட்சியின் உறுதிக்கு மதிப்பே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. யாரும் கோடி காட்டாத முறையான முதல் சோதனையில், அந்த நிமிடமே சாட்சி தானாகச் சொல்லும் உறுதி நல்ல அளவுகோல்தான் என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. “இவன்தான்” என்று பட்டென்று காட்டியவரும், பத்து நிமிடம் முழித்து “இவனா இருக்கலாம்” என்றவரும் ஒன்றல்ல. வருடங்கள் கழித்துக் கூண்டில் தெரியும் உறுதிக்குத்தான் பொருள் குறைவு. அதற்குள் பாராட்டு, ஒத்திகை, பத்திரிகைப் படம் எல்லாம் அதில் ஊறியிருக்கும்.

7. நம் சட்டத்துக்கு இது தெரியுமா?

ஓரளவு தெரியும், சில இடங்களில் நன்றாகவே தெரியும். 1983-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தால் ஆய்வுக் கட்டுரையோ என்று தோன்றும். சாட்சிக்குப் புகைப்பட நினைவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மனத்திரையில் வீடியோ நாடா ஓடுவதில்லை. நேரத்தைச் சொல்வது பெரும்பாலும் குத்துமதிப்பு. பேசிய வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது. குறுக்கு விசாரணையின் நெருக்கடியில் சாட்சி குழம்பி, அந்த நொடியில் கற்பனையால் இட்டு நிரப்பவும் கூடும். ஆகவே வழக்கின் வேரைத் தொடாத சிறு முரண்பாடுகளுக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்கக் கூடாது என்றது தீர்ப்பு.

அடுத்தது, செய்திப் படங்களில் பார்க்கும் அந்தத் துணி. கைதானவரை முகத்தை மூடி அழைத்துவருவது அவர் மானத்தைக் காக்க என்று பலர் நினைக்கிறார்கள். அடையாள அணிவகுப்புக்கு (சந்தேக நபரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது) முன் சாட்சி அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பது முக்கியமான காரணம். அணிவகுப்பை நடத்துவது மாஜிஸ்திரேட். விசாரணை அதிகாரி அங்கே இருக்கக் கூடாது. ஆனால் அதற்குள் யாராவது ஒருவர் செல்போனில் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டால் துணியால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு சிக்கல்: சட்டப்படி மூலச் சாட்சியம் நீதிமன்றத்தில் காட்டும் அடையாளம், அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே. நினைவின் கணக்குப்படி வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதல் வாக்குமூலத்தின் கதையும் இடறுகிறது. போலீஸ் பதிவு செய்யும் ‘161 வாக்குமூலம்’ (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 180-ஆம் பிரிவு) நிகழ்வுக்கு மிக அருகில் எடுக்கப்படுவது. நினைவு அதிகம் கெடாத நேரம். ஆனால் அதை எழுதுவது காவலர், அவர் நடையில், அவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலாக. சாட்சி கையெழுத்திடுவதில்லை. பின்னால் அந்தத் தாள் பெரும்பாலும் பயன்படுவது சாட்சியை முரண்பட வைக்கத்தான். “பச்சை லாரி என்று போலீஸில் சொல்லவில்லையே?” என்று வக்கீல் கேட்கும்போது மாஸ்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது.

நினைவு உள்ளே அப்படியே இருக்கிறது, கறந்துவிடலாம் என்ற நம்பிக்கையின் பெரிய வடிவம் நார்கோ பரிசோதனை. பென்டதால் ஊசி போட்டு அரைமயக்கத்தில் கேள்வி கேட்பார்கள். 2000-களில் இது செய்திகளில் கொடிகட்டிப் பறந்தது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி இதைச் செய்வது அரசமைப்புக்கு விரோதம் என்று நிறுத்தியது. உரிமைக் கேள்வி ஒருபுறம். அறிவியல் கேள்வியும் அதே அளவு கனமானது: மயக்கத்தில் இருப்பவர் சொல்வதில் நினைவு எது, கேள்வி ஊட்டியது எது, கற்பனை எது என்று பிரிக்க மருந்துக்குத் தெரியாது.

8. எந்த மாற்றம் மறதி, எது வேறு?

ஒரு குறிப்பிட்ட சாட்சி பொய் சொன்னாரா என்று நினைவு ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் செய்தி படிக்கும்போது கவனிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

1. சாரம் நின்று ஓரம் மாறினால் அது மறதியின் இயல்பான நடை. மணி, நிறம், தூரம், வரிசை ஆகியவை மாறலாம். அங்கே இருந்தேன் என்றவர் அங்கே இல்லவே இல்லை என்று மாறினால் அது மறதிக் கணக்கில் சேராது.
2. ஐந்து சாட்சிகள் ஐந்து விதமாகச் சொல்வதைவிட, ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதே எனக்கு அதிகச் சந்தேகம் தரும். நினைவு ஒருவருக்கொருவர் வேறுபடும், ஒத்திகை வேறுபடாது.
3. காலம் போகப்போக விவரம் குறைவது இயல்பு. கூடிக்கொண்டே போனால், கூடியது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதிர்ச்சி தணிந்த பின் சில விவரங்கள் உண்மையாகவே மேலெழுவதும் உண்டு என்பதால் இது கேள்வி மட்டுமே, தீர்ப்பு இல்லை.

வேறு நாடுகளில் செய்யும் திருத்தங்கள் செலவு பிடிக்காதவை. அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. ‘அவர் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காட்டியவுடன் எவ்வளவு உறுதி என்று சாட்சியின் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். விசாரிப்பவர் இடைமறிக்காமல் முதலில் முழுக்கதையையும் சொல்லவிட வேண்டும். காட்டன் வழக்கு நடந்த அதே 1980-களில் அமெரிக்காவில் உருவான அறிவாற்றல் நேர்காணல் என்ற முறையின் உயிர் இதுதான்.

தெருவில் எதையாவது பார்க்க நேர்ந்தவருக்கும் ஒரு வழி இருக்கிறது. நிகழ்வை ஒட்டித் தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 1872 சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. இப்போதைய சட்டத்திலும் அது தொடர்கிறது. டீ மாஸ்டர் செய்ய வேண்டியது, அன்று கடை மூடுவதற்குள், வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன், கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் தேதி, மணி போட்டு எழுதுவது: “டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். பைக் விழுந்து கிடந்தது, லாரி தள்ளி நின்றது. மோதியதைப் பார்க்கவில்லை.”